எஸ்டேட் தம்பதிகளிடம் பிறவிக் குறைபாடு பற்றிப் பேச: எது காரணம், எது இல்லை?

எஸ்டேட்_சுகாதாரம் (கோத்தகிரி):
அடுத்த வாரம் லைன் வீடுகளில் புதுசா கல்யாணம் ஆனவர்களுக்குக் கூட்டம். பிறவிக் குறைபாடு என்றதும் அங்கே வரும் பேச்சு மூன்று: கிரகணத்தன்று வெளியே வந்தாள், மலைக் குளிர், தோட்டத்தில் அடிக்கிற மருந்து. சொந்தத்தில் கல்யாணம் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எதை முதலில் சொல்லலாம்? ஃபோலிக் ஆசிட் மாத்திரை மூன்றாம் மாதம் பதிவுக்கு வரும்போது கொடுக்கிறோமே, போதாதா?

மகப்பேறு_குன்னூர்:
போதாதுங்க. ஒரே விஷயம்தான் சொல்ல நேரம் என்றால் இதையே சொல்லுங்கள்.

கரு உண்டான மூன்றாவது வாரத்தில் அதன் முதுகுப் பக்கத் தகடு இரு ஓரமும் எழும்பி மடிந்து, குழாயாக ஒட்டத் தொடங்குகிறது. கழுத்துப் பகுதியில் ஆரம்பித்து மேலும் கீழும் ஒட்டிக்கொண்டே போகும். தலைப்பக்கம் 25ஆம் நாள் வாக்கில் மூடும், அடிப்பக்கம் 28ஆம் நாள் வாக்கில். மேலே மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாது, குழந்தை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் தண்டுவடப் பிளவு: கால் வலுவிழக்கும், மலம் சிறுநீர் கட்டுப்படாது, பலருக்குத் தலையில் நீர் கோக்கும். அந்த 28ஆம் நாள் என்பது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டே வாரம்தான். மூன்றாம் மாதம் கொடுக்கும் மாத்திரை இதைத் தடுக்காது.

அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்பு, மூன்று மாதம் என்றால் நல்லது. கருவான பிறகு 12 வாரம் வரை. முந்தைய குழந்தைக்கு இந்தக் குறை இருந்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டு 5 மில்லிகிராம் எடுக்க வேண்டும். 1991இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முன்பு இப்படிக் குழந்தை பிறந்த தாய்மார் தினம் 4 மில்லிகிராம் எடுத்ததில், மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது.

வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடும் பெண் இருந்தால் கருவாகும் முன்பே மருந்தை மாற்ற டாக்டரைப் பார்க்கட்டும். தானாக நிறுத்தவே கூடாது, வலிப்பு வந்தால் தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து.

செவிலியர்_கூடலூர்:
அக்கா, கிரகணத்தைக் கேலி செய்யாமல் பதில் சொல்லுங்க. உதடு 7 வாரத்துக்குள்ளும் அண்ணம் அதற்குப் பின் 12 வாரத்துக்குள்ளும் இரு பக்கமும் வந்து சேரணும். சேராமல் போனால் பிளவு. இது கிரகணம் நடக்காத மாதங்களிலும் பிறக்குது. குற்றத்தை மருமகள் தலையில் போடுவதுதான் நிற்கணும்.

குளிரும் காரணமில்லை. ஆனால் குளிருக்காக ஜன்னல் சாத்தி அறைக்குள் கரி அடுப்பு வைப்பது ஆபத்து, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு கருவின் மூளையைப் பாதிக்கும். முதல் வாரங்களில் கடும் காய்ச்சலும் நல்லதல்ல, உடனே இறக்கணும். தாய்க்கு முதல் 12 வாரத்தில் ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) வந்தால் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் குறை வரலாம். தடுப்பூசி கருவாகும் முன்பே, போட்டபின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்கணும்.

தோட்ட மருந்து: எல்லாக் குறைக்கும் அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் திட்டமிடும் நாளிலிருந்தே மருந்து அடிக்கும் வேலை வேண்டாம், அடித்தவர் துணியைத் தனியாகத் துவைக்கணும். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்குவது இங்கே சகஜம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்லுங்க.

மரபணு_ஆலோசனை (கோவை):
சொந்தத்தை இப்படிச் சொல்லிப் பாருங்கள். பெரிய குறைபாடு பொதுவாக 100 குழந்தையில் 2 முதல் 3. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் அது 5 முதல் 6 ஆகிறது. தாய்மாமன் கல்யாணத்தில் இன்னும் கூடும், ஏனென்றால் மறைந்திருக்கும் ஒரே குறையுள்ள மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே மணமானவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம், பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன.

டவுன் சிண்ட்ரோம் வேறு கதை. அங்கே 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல், தாய் வயது 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. பணியர், குறும்பர் பகுதிகளுக்குப் போனால் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ரத்த நோய்) பரிசோதனையையும் சேருங்கள். கணவன் மனைவி இருவரும் கடத்திகளாக (தமக்கு நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக) இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. இவ்வளவு தெரிந்தும், பாதிக்கும் மேற்பட்ட குறைகளுக்கு இன்னும் காரணம் தெரியாது. அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எஸ்டேட்_சுகாதாரம்:
நன்றி. ஸ்கேன் எப்போது? பிறந்ததும் நாங்கள் என்ன பார்க்கணும்?

மகப்பேறு_குன்னூர்:
11 முதல் 13 வாரம் ஒன்று, 18 முதல் 20 வாரம் முழு உறுப்பு ஸ்கேன். மழையில் மண் சரிந்தால் வாரக்கணக்கில் தள்ளிப்போகும், தேதியை முன்கூட்டியே குறியுங்கள். 20 வாரத்தைத் தாண்டினால் முடிவெடுக்க நேரம் சுருங்கும்.

பிறந்ததும்: அண்ணத்தை வெளிச்சத்தில் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். அண்ணம் பிளந்திருந்தால் சப்பிக் குடிக்க முடியாது. குழந்தையை நிமிர்த்தி வைத்து, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆசனவாய் திறந்திருக்கிறதா, 24 மணி நேரத்தில் மலம் போனதா என்று பாருங்கள். வளைந்த பாதத்துக்கு முதல் இரண்டு வாரத்திலேயே மாவுக்கட்டு தொடங்கி வாரம் ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் பெரிய ஆபரேஷன் தேவைப்படாது. முதுகில் பிளவோ கொப்புளமோ இருந்தால் குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, உடனே கோவைக்கு இறக்குங்கள். மருந்துப் பொடி, எண்ணெய் எதுவும் போடக்கூடாது.