தப்பிச் சென்றவரின் துணிவைத் துணிவென்று ஏற்கலாமா? ஸ்னோடென் குறித்து ஒரு கேள்வி

கரைகாணான் (கேள்வி):

அரசின் கண்காணிப்பு ரகசியங்களை வெளியிட்டவர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க என் கருத்து தெளியவில்லை, கலங்கிக்கொண்டே போகிறது.

அமெரிக்க உளவு அமைப்பான தேசியப் பாதுகாப்பு முகமைக்காக ஒப்பந்தப் பணி செய்து வந்த எட்வர்டு ஸ்னோடென், அதன் ரகசிய ஆவணங்களோடு 2013 மே மாதம் ஹவாயிலிருந்து ஹாங்காங் சென்றார். ஜூன் 5 அன்று முதல் செய்தி வெளிவந்தது. வெரிசான் என்ற தொலைபேசி நிறுவனத்தின் ஒரு பிரிவு, தன் வாடிக்கையாளர்களில் யார் யாரை எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற விவரங்களை நாள்தோறும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு ரகசிய நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. ஜூன் 9 அன்று, அதை வெளியிட்டது தாமே என்று பெயரையும் முகத்தையும் அவரே வெளிப்படுத்தினார். அப்போது அவருக்கு வயது 29. இதுவரை அவர் துணிவைப் பற்றி எனக்கு ஐயமில்லை.

என்னைத் தடுமாறச் செய்பவை இரண்டு. முதலாவது, கொடுத்த வாக்கு. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்திட்டுத்தான் அவர் அந்தப் பணியில் சேர்ந்தார். அந்த நம்பிக்கையின் பேரில்தான் அந்த ஆவணங்கள் அவர் கைக்கு எட்டின. செஞ்சோற்றுக் கடனுக்காக, தவறென்று தெரிந்தும் உடன் நின்று மாண்ட கும்பகர்ணனையும், அறத்தின் பக்கம் சென்ற வீடணனையும் வைத்து நாம் பல நூற்றாண்டுகளாக வழக்காடி வருகிறோம். தீர்ப்பு இன்னும் வந்தபாடில்லை. இரண்டாவது, தண்டனை. மனச்சான்றின்படி சட்டத்தை மீறுகிறவர் அதன் விளைவையும் நின்று ஏற்க வேண்டும் என்றே நம்பி வந்திருக்கிறேன். ஸ்னோடென் அப்படி நிற்கவில்லை. மாஸ்கோவில் தங்கினார்; 2022இல் ரஷ்யக் குடியுரிமையும் பெற்றார். அவர் செய்ததில் துணிவு இருக்கிறது என்றால் அறமும் இருக்கிறது என்று பொருளா? பொறுமையாக விளக்கக்கூடியவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.

பழைய வழக்கறிஞர்:

தங்களின் இரண்டாவது தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதுதான் பலரையும் வழிதவறச் செய்கிறது.

நின்று தண்டனையை ஏற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: மன்றத்தில் நின்றால் ஏன் செய்தேன் என்று சொல்ல இடம் கிடைக்கும், கேட்பவர்கள் அதை எடைபோட்டுத் தீர்ப்பளிப்பார்கள் என்ற நம்பிக்கை. ஸ்னோடென் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் இரண்டு, 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் வருபவை. முதல் உலகப் போர்க் காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டம், பகை நாட்டிடம் ரகசியத்தை விற்றவரையும் நாளிதழிடம் கொடுத்தவரையும் ஏறத்தாழ ஒரே தராசில் வைக்கிறது. மக்கள் நலன் கருதிச் செய்தேன் என்ற வாதத்துக்கு அதில் இடமே இல்லை.

வியட்நாம் போர் பற்றிய ஏறத்தாழ 7,000 பக்க ரகசிய ஆய்வை 1971இல் வெளிவரச் செய்த டேனியல் எல்ஸ்பெர்க், சில நாள் தலைமறைவாக இருந்துவிட்டுத் தாமாகவே சரணடைந்தார். அந்த ஆவணங்களை ஏன் நகலெடுத்தீர்கள் என்று அவருடைய வழக்கறிஞரே மன்றத்தில் கேட்டபோது, அந்தக் கேள்வி வழக்குக்குத் தொடர்பற்றது என்று தடுக்கப்பட்டது. 115 ஆண்டுச் சிறைத் தண்டனை வரை எதிர்நோக்கிய அவர் 1973இல் தப்பியது, அவர் செய்தது சரியென்று யாரும் ஏற்றதால் அன்று; அவருடைய மனநல மருத்துவரின் அலுவலகத்தில் வெள்ளை மாளிகை அனுப்பிய ஆட்கள் திருட்டுத்தனமாகப் புகுந்தது உள்ளிட்ட அரசின் முறைகேடுகள் அம்பலமானதால்தான். அதே எல்ஸ்பெர்க் 2013இல், ஸ்னோடென் நாட்டை விட்டுச் சென்றது சரியே என்று எழுதினார். தம் காலத்தில் பிணையில் வெளியே இருந்து மக்களிடம் பேச முடிந்தது, இப்போது அது நடக்காது என்பது அவர் சொன்ன காரணம்.

மாஸ்கோவைப் பற்றி ஒன்று. லத்தீன் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில்தான் அங்கே இறங்கியதாக ஸ்னோடென் சொல்கிறார். அவருடைய கடவுச்சீட்டை அமெரிக்கா ரத்து செய்திருந்ததால் ஏறத்தாழ 40 நாள் விமான நிலையத்திலேயே முடங்கிக் கிடந்தார். பின்னாளில் அவர் அங்கேயே தங்கியது எனக்கும் உவப்பில்லைதான். ஆனால் அதைக் கொண்டு 2013 ஜூனில் அவர் செய்ததை அளப்பது முறையாகாது.

மெய்தேடி:

வாக்கைப் பற்றி எழுத விரும்புகிறேன். சட்டமும் அரசமைப்பும் காப்பேன் என்ற உறுதிமொழி ஒன்று, குறிப்பிட்ட தகவலை வெளியிட மாட்டேன் என்ற ஒப்பந்தம் மற்றொன்று. இரண்டும் மோதும் நாளில் எதை மீறினாலும் ஒரு வாக்கு உடையத்தான் செய்யும். செஞ்சோற்றுக் கடன் என்றால் சோறு யாருடையது என்பதையும் கேட்க வேண்டும். முகமையின் தலைவர் தம் வீட்டு அரிசியிலிருந்து அதை அளந்து போடவில்லை.

ஆனால் மேலதிகாரிகளிடம் முறையிட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத் தாமஸ் டிரேக்கின் கதை தெரிந்திருக்க வேண்டும். அவர் அதே முகமையில் உயர் பதவியில் இருந்தவர். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஆணையின்றிக் குடிமக்களின் தொடர்புகள் கண்காணிக்கப்படுவதையும், பயனற்ற ஒரு திட்டத்தில் பெரும்பணம் கொட்டப்படுவதையும் கண்டு, விதிகள் காட்டிய வாசல்களையெல்லாம் தட்டினார். மேலதிகாரிகளிடம் சொன்னார், முகமையின் தலைமை ஆய்வாளரிடமும், பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளரிடமும், நாடாளுமன்றக் குழுக்களிடமும் சொன்னார். எதுவும் அசையாததைக் கண்ட பிறகுதான் ஒரு நாளிதழ்ச் செய்தியாளரிடம், ரகசியமல்லாத தகவல்களை மட்டுமே தருவதென்ற வரம்போடு பேசினார். 2007இல் அவர் வீட்டில் சோதனை நடந்தது. 2010இல் பத்துக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவற்றில் ஐந்து உளவுச் சட்டத்தின் கீழானவை. மொத்தம் 35 ஆண்டுச் சிறைக்கு வாய்ப்பிருந்தது. விசாரணை தொடங்க இருந்த நேரத்தில் வழக்கு நொறுங்கியது. கணினியை அனுமதி மீறிப் பயன்படுத்தியதாக ஒரு சிறு குற்றத்தை மட்டும் அவர் ஒப்புக்கொண்டார்; ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 240 மணி நேரச் சமூக சேவையும் தண்டனை. வேலை போயிற்று, சேமிப்பு கரைந்தது. பிறகு கணினிக் கடையொன்றில் விற்பனையாளராக நின்றார்.

அதே முகமையில் முன்பு பணியாற்றிய வில்லியம் பின்னியும் அவருடைய நண்பர்களும் 2002இல் பாதுகாப்புத் துறை ஆய்வாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தவர்கள். 2007 ஜூலையில் அவர்கள் வீடுகளிலும் புலனாய்வு அதிகாரிகள் நுழைந்தனர். புகார் செய்பவரின் அடையாளத்தைக் காக்க வேண்டிய அந்த அலுவலகமே அதை வழக்குத் தொடுப்போரிடம் கொடுத்துவிட்டது என்று, அங்கே பொறுப்பில் இருந்த ஜான் கிரேன் பின்னாளில் குற்றஞ்சாட்டினார். இவர்களுக்கு நேர்ந்த சோதனைகளை ஸ்னோடென் அறிந்திருந்தார். டிரேக்குக்கு நேர்ந்தது தம் முடிவைப் பாதித்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை. 2013 மார்ச் 12 அன்று மேலவை உறுப்பினர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தரவு எதையேனும் முகமை திரட்டுகிறதா என்று தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பரிடம் வெளிப்படையான கூட்டத்தில் கேட்டார். கேட்கப்போவதை முந்தைய நாளே தெரிவித்தும் இருந்தார். இல்லை என்றார் கிளாப்பர். அது பொய் என்பது கேட்ட வைடனுக்குத் தெரியும்; ஆனால் ரகசிய விதி அவர் வாயையும் கட்டியிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரே பேச இயலாத அந்த அறையில் மிஞ்சியிருந்த வாசல் எது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எதிர்க்கரை:

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன், ஆனால் முழுமையாக உடன்பட இயலவில்லை. தொலைபேசி விவரங்களைப் பற்றிய ஆணையை வெளியிட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எடுத்துச் சென்றது அது ஒன்று மட்டுமன்று என்பதே என் இடர்ப்பாடு. பிற நாடுகளின் மீதான வழக்கமான உளவுப்பணி பற்றிய ஆவணங்களும் அந்தக் குவியலில் இருந்தன. சீனக் கணினிகளில் அமெரிக்கா ஊடுருவியதைப் பற்றி ஹாங்காங் நாளிதழ் ஒன்றிடமும் அவர் பேசினார். அனைத்தையும் ஆழ்ந்து படித்து எடைபோட்டிருக்க ஒரு மனிதரால் இயலாது. எதை வெளியிடுவது என்ற தீர்ப்பைச் செய்தியாளர்களிடம் விட்டேன் என்றார். செய்தியாளர்களும் தவறக்கூடியவர்களே: 2014 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஓர் ஆவணத்தில், கருப்பிட்டு மறைத்த பெயரை எவரும் நகலெடுத்துப் படிக்க முடிந்தது.

கேத்தரின் கன் என்ற பெண்மணியை இதனோடு ஒப்பிடுங்கள். பிரிட்டனின் உளவு மையத்தில் மொழிபெயர்ப்பாளர். ஈராக் போருக்கு முன், ஐ.நா. பாதுகாப்பு அவையில் அங்கோலா, சிலி முதலிய ஆறு நாடுகளின் பிரதிநிதிகளை ஒட்டுக்கேட்க உதவுமாறு அமெரிக்க முகமை அனுப்பிய ஒரு மின்னஞ்சலை 2003 ஜனவரி இறுதியில் கண்டார். ஒரே ஒரு கடிதம். அதன் ஒவ்வொரு சொல்லையும் அவர் படித்திருந்தார். அதை மட்டுமே வெளியே கொடுத்தார். மார்ச் 2 அன்று செய்தி வந்தது. அலுவலகத்தில் விசாரித்தபோது முதலில் மறுத்தார், பிறகு பொய்யைச் சுமக்க இயலாமல் தம் மேலாளரிடம் சென்று ஒப்புக்கொண்டார். நாட்டிலேயே நின்றார், 2004 பிப்ரவரியில் அரசுத் தரப்பு சான்று எதையும் முன்வைக்காமல் வழக்கைக் கைவிட்டது. எல்ஸ்பெர்க்கும் சமாதானப் பேச்சுகள் தொடர்பான நான்கு தொகுதிகளை நாளிதழ்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்தார். அறத்தைப் பேசும்போது இந்த அளவறிதலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மெய்தேடி:

அளவறிதல் பற்றித் தாங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஸ்னோடென் குறைவாக எடுத்திருக்கலாம் என்று நானும் பலமுறை எண்ணியதுண்டு. ஆனால் கன் கண்டது ஒரு தீச்செயல், அதற்கு ஒரு தாள் போதும். ஓர் அமைப்பே வழிதவறிவிட்டது என்பதை ஒரு தாளால் மெய்ப்பிக்க முடியாது. அது ஒரு கீழ்நிலை அதிகாரியின் பிழை என்று ஒதுக்கிவிடுவார்கள். விளைவையும் பாருங்கள். அரசே அமைத்த தனியுரிமை மேற்பார்வை வாரியம், அந்தத் தொலைபேசித் திட்டம் எந்தவொரு பயங்கரவாத விசாரணையின் முடிவையும் உருப்படியாக மாற்றியதாகத் தெரியவில்லை என்று 2014இல் அறிக்கை தந்தது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது.

கரைகாணான்:

அனைவருக்கும் நன்றி. தண்டனை பற்றிய என் எண்ணம் தளர்ந்துவிட்டது. காரணத்தைக் கேட்காத மன்றத்தில் நிற்காதவரைக் கோழை என்று இனி நான் சொல்ல மாட்டேன். அளவறிதல் பற்றிய கேள்வி மட்டும் என்னுள் அப்படியே இருக்கிறது. மற்றொன்று கேட்கிறேன்: பெயரை வெளியிடாமல் இருந்திருந்தால் அவருடைய துணிவு குறைந்திருக்குமா?

நள்ளிரவு வாசகர்:

குறைந்திருக்காது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 1971 மார்ச் 8 இரவு, முகமது அலியும் ஃப்ரேசியரும் மோதிய குத்துச்சண்டையை நாடே கவனித்துக்கொண்டிருந்தபோது, பென்சில்வேனியாவின் மீடியா என்ற ஊரில் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் (எஃப்.பி.ஐ.) சிறு அலுவலகத்துக்குள் போர் எதிர்ப்பாளர்கள் சிலர் புகுந்து ஆவணங்களை அள்ளிச் சென்றனர். குழுவில் மொத்தம் எட்டுப் பேர். மாணவர்களையும் கறுப்பின மக்களையும் போர் எதிர்ப்பாளர்களையும் அத்துறை எப்படி வேவு பார்த்தது என்பது அதன் மூலம்தான் வெளியே வந்தது. அதில் தொடங்கிய கேள்விகள் 1975இல் மேலவை விசாரணைக்கும், 1978இல் உளவுக் கண்காணிப்புச் சட்டத்துக்கும் வழிவகுத்தவற்றில் அடங்கும்.

ஜான் ரெயின்ஸ், பானி ரெயின்ஸ் என்ற கணவன் மனைவியும் அந்த எண்மரில் இருந்தனர். அவர்களுக்கு மூன்று குழந்தைகள். தாங்கள் சிறை சென்றால் குழந்தைகளை யார் வளர்ப்பது என்று உறவினரிடம் பேசி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அந்த இரவு கிளம்பினார்கள். அவர்கள் யாரும் பிடிபடவில்லை. 2014 ஜனவரியில்தான் அவர்களில் சிலர் தங்கள் பெயரைப் பொதுவெளியில் சொன்னார்கள். நடுவில் கடந்த ஏறத்தாழ 43 ஆண்டுகளில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிப் பொதுவில் பாராட்டியதில்லை. பாராட்டும்படி அவர்கள் ஊரறியச் சொன்னதும் இல்லை.