எடைமேடை நிரலில் ‘மாட்யூல் இல்லை’ பிழை: ஆலைக் கணினியிலேயே பைத்தானில் ஓட விடலாமா?

அம்பைத் தம்பி:
அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு எடைச்சீட்டு அடிக்கும் நிரல் எழுதிக் கொடுத்தேன். என் லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பைத்தான் நிரலை மூட்டை கட்டும் பைஇன்ஸ்டாலரில் எக்ஸி (தனியாகத் திறக்கும் ஃபைல்) ஆக்கி ஆலையில் திறந்தால் கறுப்புத் திரை மின்னி மறைகிறது. கட்டளை தட்டும் சிஎம்டி ஜன்னலுக்குள் எக்ஸியை இழுத்துப் போட்டு என்டர் தட்டினேன். கடைசி வரி: ‘நோ மாட்யூல் நேம்டு எடை_பழையது’. அந்தப் பெயரில் மாட்யூல் (துணை நிரல் ஃபைல்) இல்லை என்கிறது. அது நானே எழுதிய ஃபைல். ஆலைக் கணினியில் பைத்தான் போட்டேன், பைத்தான் நூலகங்களை இறக்கும் பிப் வைத்து மற்றதையும் இறக்கினேன். அப்படியும் அதே வரிதான். பிசான அறுவடை நேரம், நெல் லோடு வாசலில் நிற்கிறது.

பாளை சர்வீஸ்:
தம்பி, எக்ஸியை விட்டுவிடுங்கள். பைத்தான்தான் போட்டாயிற்றே, ஸ்கிரிப்டையே ஓட விட்டு, தட்டினால் அதைத் தொடங்கும் ஒரு பேட்ச் ஃபைலை டெஸ்க்டாப்பில் வையுங்கள். நான் பல கடைகளுக்கு இப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறேன். பிழை வந்தால் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. எக்ஸி என்றால் சின்னத் திருத்தத்துக்கும் முழுசாகக் கட்டி அனுப்ப வேண்டும். அதிலும் ஒற்றை ஃபைல் எக்ஸி, திறக்கும்போதெல்லாம் டெம்ப் ஃபோல்டரில் தன்னைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பும். மெதுவாக இருக்கும், ஆன்டிவைரஸும் சந்தேகப்படும்.

சேரன்மாதேவி:
அண்ணாச்சி சொல்கிற வழியில் இன்றைக்கு லோடு இறங்கிவிடும், சரி. ஆனால் ஆலையில் கணக்குப்பிள்ளைதான் கணினியில் உட்காருகிறார். நாளைக்கு வேறு யாரோ வந்து பைத்தான் பதிப்பை மாற்றிவிட்டால் அவர் என்ன செய்வார்?

தம்பி, எக்ஸிக்குள் அதற்கென்று தனிப் பைத்தான் இருக்கிறது. நீங்கள் வெளியே போட்டதை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பிப் பலிக்காததற்கு அதுதான் காரணம். எடை மெஷின் மாடலை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? செட்டிங்ஸில் பெயர் எழுதி வைத்தா?

அம்பைத் தம்பி:
ஆமாம் அக்கா. இரண்டு விதமான மெஷின் உண்டு. ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் இருக்கும் பெயரைப் படித்து, பெயர் சொன்னால் மாட்யூலை ஏற்றும் இம்போர்ட்லிப்புக்குக் கொடுக்கிறேன்.

சேரன்மாதேவி:
அங்கேதான் விடுபட்டிருக்கிறது. பைஇன்ஸ்டாலர் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை. எந்த மாட்யூல் வேண்டும் என்று சொல்லும் இம்போர்ட் வரிகளைப் படித்து, அவை சொல்லும் ஃபைல்களையும் படித்து, அகப்பட்டதை மூட்டை கட்டும். ஓடும்போது ஐஎன்ஐயிலிருந்து வரும் பெயர் அதன் கண்ணில் படவே படாது. பில்ட் ஃபோல்டரில் ‘வார்ன்’ என்று தொடங்கும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று இருக்கும், தேடிக் கிடைக்காத மாட்யூல்களின் பட்டியல் அது. பொதுவாக அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் உங்கள் மாட்யூலின் பெயர் அதிலும் இருக்காது, அப்படி ஒன்று தேவை என்பதே அதற்குத் தெரியாதே.

கட்டும்போது ஹிடன் இம்போர்ட் என்று இரண்டு மெஷின் மாட்யூல்களையும் பெயர் சொல்லிச் சேருங்கள். டிகேகேலண்டர் என்ற நாள்காட்டி நூலகம் வைத்தால் அதற்குத் தேவையான பேபல் நம்பர்ஸ் மாட்யூல் விடுபடுவதும் இதே சங்கதிதான், ஒரு நாள் முழுக்க அதில் எனக்குப் போயிருக்கிறது.

அண்ணாச்சி சொன்ன வேகக் குறை உண்மை. அதனால் ஒற்றை ஃபைல் வேண்டாம், ஃபோல்டராகக் கட்டுங்கள். பைஇன்ஸ்டாலர் 6 முதல் எக்ஸிக்குப் பக்கத்தில் ‘_இன்டர்னல்’ என்று ஒரு ஃபோல்டர் வரும். எக்ஸியை மட்டும் டெஸ்க்டாப்புக்கு எடுத்துப் போனால் திறக்காது. ஷார்ட்கட் போட்டுக் கொடுங்கள்.

பாளை சர்வீஸ்:
எல்லாப் பிழையும் கட்டுகிற இடத்திலேயே தீர்ந்துவிடும் என்பதுபோல் சொல்கிறீர்கள், அதைத்தான் நான் ஏற்க மாட்டேன். வீரவநல்லூரில் ஒரு கடையில் விண்டோஸ் 7. வேறொருவர் கட்டிக் கொடுத்த எக்ஸி, ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்’ என்று ஏதோ டிஎல்எல் (நிரல்கள் சார்ந்திருக்கும் விண்டோஸ் துணை ஃபைல்) இல்லை என்று நின்றுவிட்டது. கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.

சேரன்மாதேவி:
அது வேறு பிழை. பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7-ல் ஓடாது, ஸ்கிரிப்டாக வைத்தாலும் இதே கதைதான். 3.8-ல் கட்டினால் ஓடியிருக்கும். ‘டிஎல்எல் லோட் ஃபெயில்டு’ என்று வந்தால், மாட்யூல் இருக்கிறது, அது சாய்ந்து நிற்கும் டிஎல்எல்தான் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற மைக்ரோசாஃப்ட் டிஎல்எல் தொகுப்பு இருக்காது. அப்போது அந்தக் கணினியைத்தான் பார்க்க வேண்டும், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘நோ மாட்யூல் நேம்டு’ என்று வந்தால் கட்டின இடத்தில்தான் தேட வேண்டும்.

அம்பைத் தம்பி:
இரண்டு பெயரையும் சேர்த்து ஃபோல்டராகக் கட்டிப் போட்டேன். திறந்துவிட்டது. முதல் டிராக்டருக்குச் சீட்டு அடித்தாயிற்று.

சேரன்மாதேவி:
நல்லது. ஆலையில் போட்ட அந்தப் பைத்தானை எடுத்துவிட்டு இன்னொரு முறை திறந்து பாருங்கள். செட்டிங்ஸில் மற்ற மெஷின் பெயரையும் மாற்றிப் பாருங்கள்.

பாளை சர்வீஸ்:
திறந்து பாருங்கள், சரி. ஆனால் எடுக்க வேண்டாம், விண்டோஸ் நிரல்களைத் தேடும் பாத் பட்டியலிலிருந்து மட்டும் நீக்குங்கள். அறுவடை முடியும்வரை ஸ்கிரிப்டும் அந்தக் கணினியில் ஒரு ஓரமாக இருக்கட்டும்.