மென்பொருள் கோளாறான 'பக்' என்பதற்குத் தமிழில் வழு. தெரிந்தே விட்டுவைத்த பக்கிற்கு?

> 'பக்' என்பதைப் பூச்சி என்றே சொன்னால் என்ன? கம்ப்யூட்டருக்குள் பூச்சி சிக்கியதால்தானே அந்தப் பெயரே வந்தது?

வணக்கம் ஐயா,

பூச்சி சிக்கியது உண்மைதான். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றில் அந்துப்பூச்சி கிடந்தது. அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, நிஜமாகவே பக் அகப்பட்டது இதுதான் முதல்முறை என்று எழுதிவைத்தார்கள். அந்த 'நிஜமாகவே'யைப் பாருங்கள். சொல் முன்பே புழக்கத்தில் இருந்தால்தானே கிண்டல் எடுபடும்? எடிசன் 1878லேயே ஒரு கடிதத்தில், கண்டுபிடிப்புகளில் தலைகாட்டும் சில்லறைக் கோளாறுகளை 'பக்' என்கிறார். அந்துப்பூச்சிக் கதையைக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பல இடங்களில் சொன்னதில் அதுவே நிலைத்துவிட்டது.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் இதே மாதிரி ஒரு சொல்லுக்குப் பயமுறுத்தும் பேய் என்று பொருள். நாமும் குழந்தைக்குப் பூச்சி காட்டுகிறவர்கள்தானே! ஆனாலும் திரையில் '3 பூச்சிகள் உள்ளன' என்று வந்தால் சிரித்துவிடுவார்கள். வழுவே இருக்கட்டும். இரண்டே எழுத்து, வழுநீக்கம் என்று நீட்டவும் வருகிறது.

என் கேள்வி வேறு. தெரிந்தே விட்டுவைக்கும் பக்கை என்னவென்று சொல்வது? விண்டோஸ் எக்செலில் 60 (1900 ஜனவரி 1 முதல் எண்ணினால் 60ஆம் நாள்) என்று அடித்துத் தேதியாக மாற்றுங்கள்; 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். 1900 லீப் வருடமே இல்லை. எக்செலுக்கு முந்தைய விரிதாள் மென்பொருளான லோட்டஸ் 1-2-3இல் இருந்த தப்பு அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்று எக்செலும் அப்படியே வைத்துக்கொண்டது. இப்போது திருத்தினால் பழைய கோப்புகளில் உள்ள தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும்.

இதற்கு இலக்கணத்திலேயே சொல் கிடக்கிறது: வழுவமைதி. பசுவைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்பது திணை வழு, அதாவது அஃறிணையை உயர்திணையாகச் சொல்லும் பிழை. பிரியத்தில் சொன்னதால் போகட்டும் என்று நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. மென்பொருளின் வழுக்களைக் குறித்துவைக்கும் வழுப்பட்டியலில் சிலவற்றை 'திருத்தப்போவதில்லை' என்று மூடுகிறோமே, அதற்கு இதையே வைக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: காரணம் எழுத வேண்டும். சோம்பலில் விட்டதெல்லாம் வெறும் வழுதான்.

பொத்தானில் இடம் போதாது என்பவர்கள் 'அமைதி' என்று சுருக்கலாமா? எனக்கு நூலகப் பலகைதான் ஞாபகம் வருகிறது.