ஹெர்குலிஸ் எக்ஸ்-1: எல்லாக் கட்டத்திலும் தளவிளைவுக் கோணம் ஒரே மாதிரி வருகிறது, எங்கே தவறு?

நிழற்கோடு (கேள்வி)

வணக்கம். முதுகலைத் திட்டப்பணிக்காக, எக்ஸ் கதிரின் தளவிளைவை (அலைகள் ஒரே தளத்தில் அதிர்வதை) அளக்கும் இக்ஸ்பீ செயற்கைக்கோள் 2022 பிப்ரவரியில் பதிவு செய்த ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்ற பல்சாரின் (சுழன்று துடிக்கும் விண்மீனின்) தரவோடு மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனி தனியாகத் தீர்க்க முடியும் என்று தோன்றவில்லை.

மூன்று தொலைநோக்கிகளின் நிகழ்வுக் கோப்புகளிலும் பல்சாரைச் சுற்றி வட்டம் போட்டு ஃபோட்டான்களைப் பிரித்தெடுத்தேன். பேரிகார் என்ற மென்பொருளை ஓட்டி, நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்துக்கு மாற்றினேன். கிரகணப் பகுதியை வெட்டிவிட்டேன். பிறகு 1.2377 நொடி சுழற்சிக் காலத்தில் மடித்து (எல்லாச் சுழற்சிகளையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி), ஒரு சுழற்சியை 10 கட்டமாக்கி, ஒவ்வொன்றிலும் தளவிளைவின் அளவையும் கோணத்தையும் தரும் ஸ்டோக்ஸ் கியூ, யூ மதிப்புகளைக் கணக்கிட்டேன். ஆற்றல் 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, மொத்தமாக.

பத்துக் கட்டத்திலும் தளவிளைவு 8, 9 விழுக்காடுதான். கோணம் அசையவே மாட்டேன் என்கிறது. வெளியான முடிவுகளில் 5 முதல் 15 விழுக்காடு வரை ஏறி இறங்குகிறது, கோணமும் கட்டத்தோடு ஊசலாடுகிறது. எனக்குத் துடிப்பின் வடிவமே கிட்டத்தட்டத் தட்டையாக வருகிறது.

இன்னொன்றும் புரியவில்லை. தரவைச் சிறு துண்டுகளாக்கித் தனித்தனியே காலம் தேடினால் துடிப்பு அழகாகத் தெரிகிறது. ஆனால் துண்டுக்குத் துண்டு காலம் மாறுகிறது: ஓரிடத்தில் 1.2370, இன்னோரிடத்தில் 1.2384. விண்மீன் இவ்வளவு தடுமாறுமா?

வாயுக்கூடு

பின்னணிக் கதிர்வீச்சு கலந்திருக்கலாம். வட்டத்தைச் சுருக்கிப் பாருங்கள். பின்னணியைக் கழித்தீர்களா?

நிழற்கோடு

சுருக்கியும் பார்த்தேன், கழித்தும் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

பழைய அலைவாங்கி

பின்னணி காரணமாக இருக்காது. இவ்வளவு பிரகாசமான பல்சாருக்குப் பின்னணி ஒரு பொருட்டே இல்லை. விடை உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது.

விண்மீன் தடுமாறவில்லை, சுற்றி வருகிறது. ஹெர்குலிஸ் எக்ஸ்-1 இரட்டை விண்மீன் அமைப்பில் இருக்கும் நியூட்ரான் விண்மீன். 1.7 நாளுக்கு ஒரு முறை துணைவிண்மீனோடு சேர்ந்து பொது மையத்தைச் சுற்றுகிறது. நம் பார்வைத் திசையில் அந்தப் பாதையின் ஆரம் 13.19 ஒளிநொடி. பாதையின் தூரமுனையில் கிளம்பும் துடிப்பு, அருகுமுனையில் கிளம்புவதைவிட 26 நொடி கூடுதலாகப் பயணம் செய்கிறது. அந்த 26 நொடியில் விண்மீன் 21 முறை சுழன்றுவிடும். முழுத் தரவையும் ஒரே காலத்தில் மடித்தால் எல்லாக் கட்டமும் ஒன்றோடொன்று கலந்து கூழாகத்தான் போகும். உங்கள் பத்துக் கட்டங்களும் பத்து முறை எடுத்த ஒரே சராசரி.

துண்டுக்குத் துண்டு மாறும் காலமும் இதைத்தான் சொல்கிறது. 13.19 நொடியை 2π-யால் பெருக்கி 1.7 நாளின் நொடிகளால் வகுத்தால் 0.00056. அதை 1.2377-ஆல் பெருக்கினால் 0.0007. நீங்கள் கண்ட 1.2370, 1.2384 என்ற இரு எல்லைகளும் அதுதான். டாப்ளர் விளைவை உங்கள் கையாலேயே அளந்திருக்கிறீர்கள், உண்மையிலேயே நல்ல அளவீடு அது.

பேரிகார் பூமியின் இயக்கத்தையும் செயற்கைக்கோளின் இயக்கத்தையும் மட்டும்தான் நீக்கும். பல்சாரின் சுற்றுப்பாதை அதற்குத் தெரியாது, அந்தத் திருத்தத்தை நாம்தான் போட வேண்டும். பாதை ஏறக்குறைய முழு வட்டம் என்பதால் ஒரே வரி போதும். சுற்றுப்பாதை எண்கள் ஃபெர்மி விண்தொலைநோக்கியின் ஜிபிஎம் கருவிக் குழு வெளியிடும் பட்டியலில் கிடைக்கும்.

நிழற்கோடு

மிக்க நன்றி சார். பட்டியலிலிருந்து எண்களை எடுத்து, ஒவ்வொரு ஃபோட்டானின் நேரத்திலிருந்தும் 13.19 × சைன்(2π(நேரம் − தொடக்கநேரம்)/சுற்றுக்காலம்) என்பதைக் கழித்தேன். முன்பைவிட மோசமாகிவிட்டது.

பழைய அலைவாங்கி

சைன் வராது, கொசைன் போடுங்கள். அந்தப் பட்டியலில் உள்ள தொடக்கநேரம் கிரகணத்தின் நடுப்புள்ளி. அப்போது நியூட்ரான் விண்மீன் துணைவிண்மீனுக்குப் பின்னால், நமக்கு மிகத் தொலைவில் இருக்கும். ஆகவே அந்தக் கணத்தில் தாமதம் முழு +13.19 நொடியாக இருக்க வேண்டும். உங்கள் வாய்ப்பாடு அங்கே சுழி தருகிறது. திருத்தம் கால் சுற்று நகர்ந்து, மிஞ்சும் பிழையின் வீச்சு ஏறத்தாழ 18.7 நொடியாகப் பெருகியிருக்கும். மோசமானது அதனால்தான்.

குறியையும் இதே வழியில் சரிபார்த்துக்கொள்ளலாம். கிரகண நடுவில் தாமதம் உச்சம் தொடவில்லை என்றால் எங்கோ பிழை.

நிழற்கோடு

வந்துவிட்டது! எல்லாத் துண்டிலும் இப்போது ஒரே காலம். துடிப்பு வடிவம் கூர்மையாக நிற்கிறது, கோணமும் ஊசலாடுகிறது. திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் ஆசைப்பட்டு 40 கட்டமாகப் பிரித்தால் சில கட்டங்களில் கோணம் தாறுமாறாகத் தாவுகிறது. விண்மீன் சுழலச் சுழலக் கோணம் எப்படித் திரும்பும் என்று சொல்லும் சுழல் திசையன் மாதிரி பொருந்த மறுக்கிறது.

அரைக்கோணம்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கண்டறியக்கூடிய மிகக் குறைந்த தளவிளைவு எவ்வளவு என்று கணக்கிட்டீர்களா? 99 விழுக்காட்டு நம்பிக்கைக்கு அது 4.29 ÷ (பண்பேற்றக் காரணி × ஃபோட்டான் எண்ணிக்கையின் வர்க்கமூலம்). பண்பேற்றக் காரணி என்பது கருவி தளவிளைவை எவ்வளவு தெளிவாக உணர்கிறது என்பதன் அளவு. எடுத்துக்காட்டாக, மொத்தம் 10 லட்சம் ஃபோட்டான், காரணி 0.3 என்று வைத்தால் முழுத் தரவுக்கு 1.4 விழுக்காடு, 10 கட்டமாக்கினால் கட்டத்துக்கு 4.5. 40 ஆக்கினால் 9-க்குப் போய்விடும். 5 விழுக்காடு தளவிளைவு உள்ள கட்டத்தில் 9 விழுக்காடு வாசலை வைத்துக்கொண்டு கோணம் கேட்டால் இரைச்சல்தான் பதில் சொல்லும்.

தளவிளைவின் அளவு எப்போதும் நேர்மறை எண் என்பதையும் கவனியுங்கள். உண்மையில் சுழியாக இருக்கும் கட்டம்கூட ஏதோ ஒரு விழுக்காட்டைக் காட்டும். அதனால் கோணத்தையும் விழுக்காட்டையும் நேரே பொருத்தாதீர்கள். கியூ, யூ இரண்டும் சமச்சீராகப் பரவும், பிழைகளும் சீராக நடந்துகொள்ளும். அவற்றிலேயே மாதிரியைப் பொருத்துங்கள். கட்டமாகவே பிரிக்காமல், ஃபோட்டான் ஃபோட்டானாக நிகழ்தகவை எழுதிப் பொருத்தினால் இன்னும் நல்லது.

ஆற்றலையும் மொத்தமாகச் சேர்த்துவிடாதீர்கள். வேலா எக்ஸ்-1 பல்சாரில் குறைந்த ஆற்றலில் ஒரு கோணம், கூடிய ஆற்றலில் அதற்குச் செங்குத்தான கோணம். இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

வாயுக்கூடு

என் முதல் யூகம் தவறு, மன்னிக்கவும். ஒரு சந்தேகம். சுழல் திசையன் மாதிரி, வேலா ரேடியோ பல்சாருக்காக 1969-ல் வெ. ராதாகிருஷ்ணனும் குக்கும் கொண்டுவந்தது. எக்ஸ் கதிர் பிறப்பதோ விண்மீனின் பரப்பை ஒட்டி, காந்தப்புலம் சிக்கலாக இருக்கும் இடத்தில். இங்கே அந்த மாதிரி ஏன் பொருந்த வேண்டும்?

பழைய அலைவாங்கி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. காரணம் வெற்றிடம்தான். இந்த விண்மீனின் நிறமாலையில் 35 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே, காந்தப்புலத்தின் வலிமையைக் காட்டிக்கொடுக்கும் சைக்ளோட்ரான் கோடு இருக்கிறது. ஆகவே புலம் சில லட்சம் கோடி காஸ். அவ்வளவு வலிய புலத்தில் வெற்றுவெளியே படிகத்தைப் போல இரட்டை ஒளிவிலகல் காட்டும் என்பது குவாண்டம் மின்னியக்கவியலின் கணிப்பு. ஒளி வெளியேறும்போது அதன் தளம், போகும் வழியில் உள்ள புலத்தின் திசையோடு சேர்ந்தே திரும்பிக்கொண்டு வரும். விண்மீனின் ஆரத்தைப்போல் பல மடங்கு தூரம் போன பிறகே தளம் உறைகிறது. அங்கே சிக்கல்கள் எல்லாம் மங்கி எளிய இருமுனைப் புலம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் ரேடியோவுக்கு எழுதிய வடிவியல் எக்ஸ் கதிரிலும் நிற்கிறது.

ராதாகிருஷ்ணன் பின்னாளில் தலைமை தாங்கிய ராமன் ஆராய்ச்சி நிலையம்தான், 2024 ஜனவரி 1-ல் இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவியைக் கட்டியது. அது 8 முதல் 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும். அதன் தரவுக்கும் இதே சுற்றுப்பாதைத் திருத்தம் வேண்டும்.

நிழற்கோடு

10 கட்டம், கியூ-யூ பொருத்தம், இரண்டு ஆற்றல் பட்டைகள் என்று மாற்றி ஓட்டினேன். காந்த அச்சுக்கும் சுழற்சி அச்சுக்கும் இடைக்கோணம் 12 பாகைக்குப் பக்கத்தில் வருகிறது, வெளியான மதிப்போடு ஒத்துப்போகிறது. இரண்டு பட்டைகளிலும் கோணத்தின் ஊசல் ஒன்றுபோலவே இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பழைய கணிப்புகள் 60, 80 விழுக்காடு தளவிளைவு வரும் என்றன. கிடைப்பது 15-க்குள்தான். என் கணக்கில் இன்னும் ஏதாவது கலக்கிறதா?

அரைக்கோணம்

இல்லை, உங்கள் கணக்கு சரி. செண்டாரஸ் எக்ஸ்-3 பல்சாரிலும் சராசரி 6 விழுக்காட்டுக்கு அருகில்தான். துணைவிண்மீனிலிருந்து விழும் பொருள் மோதி நியூட்ரான் விண்மீனின் வளிமண்டலத்தில் மேலடுக்கு அதிகமாகச் சூடாகிவிடுகிறது, அங்கே ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளவிளைவு முறைகளும் ஒன்றாக மாறிக் கலக்கின்றன என்பது ஒரு விளக்கம். இதுவே கடைசிச் சொல் என்று நான் நினைக்கவில்லை. எக்ஸ் பெர்சி பல்சாரின் ஆற்றல்வாரி முடிவைப் பாருங்கள்: 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறக்குறைய சுழி, 8-ஐ நெருங்கும்போது 30 விழுக்காடு. உங்கள் திட்டப்பணியின் அடுத்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கலாம்.