நாத்தனார் முடிச்சைப் போட்டது யார்? கூடப்பிறந்தவர் கல்யாணத்தில் உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

நங்கநல்லூர் நடுப்பெண்:

ஆறு வருடமாக ஒரு போட்டோ என்னைப் படுத்துகிறது. தீர்ப்பு வேண்டும்.

தம்பி கல்யாணம். அவனுக்கு நாங்கள் இரண்டு அக்காக்கள். முதல் முடிச்சு அவன், மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஒன்று என்று முதல் நாள் ரிசப்ஷன் முடிந்ததும் அம்மா பஞ்சாயத்து பண்ணி வைத்தாள். காலையில் மேடை ஏறினால் அக்கா, "நீ விளக்கைப் பிடிச்சுக்கோ, ரெண்டையும் நானே போட்டுடறேன், நேரமாறது" என்கிறாள். எந்த நேரம்? முகூர்த்தம் முடிய இன்னும் முக்கால் மணி இருந்தது. விளக்கை அத்தை பெண் கையில் திணித்துவிட்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன்.

கெட்டிமேளம். தம்பி ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். அப்புறம் அங்கே நடந்ததை என்னவென்று சொல்ல? ஜடை, ஜடை மேல் இரண்டு முழம் பூ, அதைத் தூக்கிப் பிடிக்க யாரோ ஒருவர் கை, அக்கா கை, என் கை, மேலே அட்சதை மழை. மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் முனகினாள்: "அக்கா, யாராவது ஒருத்தர் கட்டுங்களேன், கழுத்தை இழுக்கறது."

இரண்டாவது முடிச்சு அக்காவுடையது, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது என்னுடையது என்று நான் சத்தியம் பண்ணுவேன். அக்காவும் பண்ணுவாள். வீடியோவில் சரியாக அந்த இடத்தில் மாமாவின் முதுகு. போட்டோவில் கைகள் தெரிகின்றன, யார் கை என்று தெரியவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தப் பேச்சு வருகிறது.

ஊரப்பாக்கம் இளையவன்:

தப்பாக நினைக்காதீர்கள், இது ஒரு சண்டையா? எங்கள் வீட்டில் மூன்று முடிச்சையும் மாப்பிள்ளையே போடுவார். நாத்தனாருக்கு விளக்குதான். அந்த விளக்குக்குத்தான் எங்கள் வீட்டில் அடிதடி. நீங்கள் அதைத் தூக்கி அத்தை பெண்ணிடம் கொடுத்திருக்கிறீர்கள்.

சரி, என் கதை. அண்ணனுக்கு ஜாதகம் அமையாமல் இழுத்துக்கொண்டே போனது. நான் காதலித்துத் தொலைத்தேன். பெண் வீட்டில் அவசரம். மூத்தவன் இருக்கும்போது இளையவனுக்கா என்று ஊரே கேட்க, "முதல்ல இவனுக்கு முடிங்க, நான் சாப்பிட்டுப் போறேன்" என்று அண்ணன்தான் முடித்துவைத்தான். வரவேற்பில் அவனை வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்திவிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "உனக்கு எப்போப்பா?"

மறுநாள் மொய்க் கவர்களைப் பிரித்தோம். ஒன்றில் அண்ணன் பெயர். உள்ளே ஆறு பத்து ரூபாய் நோட்டு. கவரில் ஒட்டியிருக்குமே ஒரு ரூபாய் நாணயம், அதோடு சேர்த்து 61. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "நேத்து கேட்டவங்க 60 பேர். ஒட்டின ஒரு ரூபா உனக்கு."

நானும் கேட்டிருக்கிறேன். மேடைக்கு வந்தவனிடம், போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டே, விளையாட்டாக. எனக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கவர் இன்னும் பீரோவில் இருக்கிறது. அண்ணனுக்கு அப்புறம் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அவன் மறந்திருப்பான்.

தி.நகர் ஓரகத்தி:

61 ரூபாய் படித்து அழுதுவிட்டேன். என் கதை சிரிப்புக் கதை, சொல்லலாமா தெரியவில்லை.

அக்காவும் நானும் ஒன்றரை வயது இடைவெளி. ஒருவர் துணியை ஒருவர் திருடி வளர்ந்தவர்கள். அவள் கல்யாணத்தன்று மேக்கப் போட வந்த பெண் என்னையும் உட்காரச் சொன்னாள். அக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே, "அவளுக்கு லைட்டா போதும்" என்றாள். லைட்டா போதுமாம்! பாண்டி பஜாரில் மூன்று நாள் அலைந்து அவள் புடவைக்கு மேட்சாக வளையல் வாங்கியவள் நான்.

கோபத்தில் கிளம்பி மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பெண் அறைச் சாவி என் இடுப்பில். மறந்தே போனேன். உள்ளே அக்கா மேடையில் கூறைப்புடவை வாங்கிக்கொண்டு மாற்ற வந்திருக்கிறாள், அறை பூட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை, முகூர்த்தம் 9 முதல் 10.30. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

என்னைத் தேடி வந்தது மாப்பிள்ளையின் தம்பி. பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மூச்சு வாங்க ரோட்டைத் தாண்டி வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்தேன். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க டீயைக் குடிச்சிட்டு வாங்க, மணி ஒன்பதே கால்தான்" என்றார். கடைக்காரரிடம் என் டீக்குக் காசும் கொடுத்துவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்தில் வேட்டி அவிழப் பார்த்ததையும் நான் பார்த்தேன்.

அடுத்த ஆண்டு ஆவணியில் அவரைத்தான் கட்டிக்கொண்டேன். ஆக, அக்காவே இப்போது எனக்கு ஓரகத்தி. என் கல்யாணத்தில் அதே மேக்கப் பெண். அக்கா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இவளுக்கு நல்லா போடுங்க, தேவைப்படும்" என்றாள். அது பாசமா, குத்தலா என்று பன்னிரண்டு வருடமாக யோசிக்கிறேன்.

பழைய மாம்பலம்:

எல்லோரும் சின்னவர்கள், அதனால் சொல்கிறேன். முடிச்சு, மேக்கப் எல்லாம் போகட்டும். எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் 1988 தை. எனக்கு 1990. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று சட்டம் வந்தது 1989 மார்ச் 25 முதல். அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒரு வருடத்தில் அக்கா வெளியே, நான் உள்ளே. 1998இல் வீட்டைப் பாகம் பிரித்துப் பதிவு செய்த அன்று நானும் அண்ணனும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். அக்கா எல்லோருக்கும் காபி கலந்து கொடுத்தாள். என் டம்ளரில் சர்க்கரை இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றா, நான் கேட்கவில்லை. அப்படியே குடித்தேன்.

2005 செப்டம்பர் 9இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டு, எப்போது கல்யாணமானாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்றானது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அது தொடாது. எங்களுடையது 98. இதையெல்லாம் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா சொந்தமாகச் சம்பாதித்தது வேறு கணக்கு. உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் சம பங்கு என்பது 1956லேயே உண்டு. அப்புறம் நகை. யாருக்கு எத்தனை பவுன் போட்டார்கள் என்று பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அக்காவுக்கு முப்பது, எனக்கு இருபது என்று சண்டை போடுகிறவர்கள் அந்தந்த வருடத்து விலையையும் பார்க்க வேண்டும். 2005இல் பவுன் ஆறாயிரத்துக்குள் இருந்தது, 2012இல் இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். கல்யாணப் பதிவையும் 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் அபராதக் கட்டணம் என்று அலையவிடுவார்கள்.

ஊரப்பாக்கம் இளையவன்:

அம்மா, அவர் கேட்டது ஒரு முடிச்சு. நீங்கள் பத்திர ஆபீஸ் வரைக்கும் கூட்டிப்போய்விட்டீர்கள். ஆனால் அந்தச் சர்க்கரை இல்லாத காபிக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லையே? போன் பண்ணிக் கேளுங்கள்.

பழைய மாம்பலம்:

தம்பி, அக்கா போய் மூன்று வருடமாகிறது.

நங்கநல்லூர் நடுப்பெண்:

இதற்குப் பிறகு எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தொடங்கியவள் சொல்லிவிடுகிறேன்.

நேற்று ராத்திரி இதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன். காலை ஐந்தரைக்கு ஒரு படம் வந்தது. அதே போட்டோ, முடிச்சு இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கி. கீழே ஒரு வரி: "கடைசி முடிச்சை இழுக்கிற கையில வாட்ச் இருக்கு பார். நீயும் கட்டலை, நானும் கட்டலை."

உண்மைதான். ஜடையைத் தூக்கிப் பிடிக்க வந்த பெண்ணின் சித்திதான் கட்டியிருக்கிறாள் என்பது அக்கா கட்சி. சித்தி கையில் அன்றைக்குக் கண்ணாடி வளையல், அது சாஸ்திரிகளின் கை என்பது என் கட்சி. மத்தியானம் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே வருகிறாளாம்.