அரசுருவாக்கம், தேசவுருவாக்கம்: இரண்டு சொற்கள் தேவை

கலைச்சொல் குழும நண்பர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையிலிருந்து வணக்கம்.

விடுதலைக்குப் பிந்தைய ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘தேச நிர்மாணம்’ என்ற ஒரே சொல்லை state-building, nation-building என்ற இரண்டு கருத்துகளுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று முந்தைய மடல்களில் சொல்லப்பட்டதை நான் ஏற்கவில்லை. வரி தண்டுவது, நிலத்தை அளந்து பதிவது, படையையும் காவலையும் ஒரே கட்டளைக்குள் கொண்டுவருவது, ஊதியம் பெறும் அலுவலரைக் கடைக்கோடிக் கிராமம் வரை அமர்த்துவது ஆகியவை ஒரு வேலை. அந்த எல்லைக்குள் வாழ்வோரைத் தாங்கள் ஒரே மக்கள் என்று எண்ணச் செய்வது வேறொரு வேலை.

எங்கள் மாவட்டத்து வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடும். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, செல்வாக்கு மிக்க நிலவுடைமைத் தலைவர்களான எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கி, மிளகு வணிகத்தை அரசின் தனியுரிமையாக்கி, 1741ஆம் ஆண்டு குளச்சல் போருக்குப் பின் டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவரைக் கொண்டே தம் படையைப் பயிற்றுவித்தபோது பத்மநாபபுரத்திலிருந்து ஓர் அரசு உருவாக்கப்பட்டது. குடிகள் தமிழரா மலையாளிகளா என்பது அந்த வேலைக்குத் தேவைப்படவே இல்லை. இரு நூற்றாண்டுகள் கழித்துத் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் தமிழர்கள் நேசமணி முன்னின்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் திரண்டபோது, அவர்களுடைய வழக்கு அரசு அலுவலகமும் நீதிமன்றமும் போதவில்லை என்பதைவிடத் தாங்கள் எவரோடு சேர்ந்தவர்கள் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று அந்த வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்ததும் அவ்வழக்கு ஒரே நாளில் தீர்ந்தது, ஏடுகள் தீரவில்லை. பழைய நிலப்பதிவுகள் மலையாளத்தில் இருந்தன. மூலப்பத்திரத்தைப் படித்துச் சொல்ல மலையாளம் அறிந்த பெரியவரைத் தேடிப் போகும் குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு.

இதே பிளவு ஆப்பிரிக்காவில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. சோமாலியாவில் பெரும்பாலோருக்கு மொழி ஒன்று, சமயம் ஒன்று. 1960இல் இத்தாலியர், பிரித்தானியர் ஆண்ட இரு பகுதிகள் விரும்பி இணைந்தன. 1972இல் சோமாலி மொழிக்கு இலத்தீன் வரிவடிவமும் வந்தது. தேசத்துக்கு வேண்டியவை என்று பாடநூல்கள் சொல்லும் அத்தனையும் இருந்தும் 1991இல் நடுவண் அரசு வீழ்ந்தது. ஆட்சியாளர் மொபுட்டு 1971இல் காங்கோவுக்கு ஜயர் என்று பெயர் மாற்றி, மறு ஆண்டு குடிமக்களின் ஐரோப்பியப் பெயர்களையும் மாற்றச் செய்தார். மறுபுறம் சாலைகள் காடேறின, அலுவலர் ஊதியம் வற்றியது. தான்சானியாவோ நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைக் கொண்டு, குடியரசுத் தலைவர் நியெரேரேயின் காலத்தில் சுவாகிலி மொழியின் துணையோடு ஓரளவு ஒரே மக்களாயிற்று. அதன் கருவூலம் ஏழையாகவே இருந்தது. இம்மூன்றையும் ‘தேச நிர்மாணம்’ என்றே எழுதினால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று வாசகருக்கு எப்படிப் புரியும்? 1964இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற எல்லைகளை அப்படியே மதிப்பதாக முடிவெடுத்ததும், சட்டகம் கைக்கு வந்த பிறகே அதற்குள் மக்களைத் தேட வேண்டியிருந்த நிலையைக் காட்டுகிறது.

இனி முதல் வேலையான state-building என்பதற்குரிய சொல்லுக்கு வருகிறேன். ‘அரசுக் கட்டுமானம்’ பொதுப்பணித்துறை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைப் போல ஒலிக்கிறது. ‘அரசமைப்பாக்கம்’ என்றால் அரசமைப்புச் சட்டம் இயற்றுவதாகவே கொள்வார்கள். ‘அரசாக்கம்’ சுருக்கமானது, எனக்கும் பிடித்தது. ஆனால் அதற்கும் ‘அரசாங்க’த்துக்கும் ஓரெழுத்தே வேறுபாடு என்பதால், மெய்ப்புப் பார்ப்பவர் பிழையென்று திருத்திவிடுவார். நான் முன்வைப்பது ‘அரசுருவாக்கம்’. சங்ககாலச் சேர, சோழ, பாண்டியர் பற்றி எழுதுவோர் ‘அரசு உருவாக்கம்’ என்பதை வேறு பொருளில் ஏற்கெனவே ஆள்கிறார்களே என்ற தடை வரும். அவர்கள் பேசுவது பெரும்பாலும் எவரும் திட்டமிடாமல் வேளிர் குடிகளிலிருந்து நெடுங்காலத்தில் நேர்ந்த மாற்றம். அதற்குத் தன்வினையான ‘அரசு உருவாதல்’ பொருந்தும். மார்த்தாண்ட வர்மா தெரிந்தே கைவைத்த வேலைக்குப் பிறவினை வேண்டும். நம் இலக்கணம் தரும் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தாமல் விடுவது வீண். சேர்த்து எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். பிரித்தால் ‘அரசு உருவாக்கிய குழு’ என்ற நாளிதழ்த் தொடரின் சாயல் வந்துவிடும்.

nation-building என்பதற்கு இணைச்சொல்லாகத் ‘தேசவுருவாக்கம்’ இருக்கட்டும். ‘நிர்மாணம்’ மேடைப் பேச்சுக்கும் அமைச்சகப் பெயர்களுக்கும் போதும்.

அரசு என்றாலே ஆளும் அமைச்சரவை என்று நாளிதழ்கள் பழக்கிவிட்டன என்ற கவலை நியாயமானதே. கலைச்சொல் பட்டியலில் அமைச்சரவை சார்ந்த பொருளுக்கு ‘அரசாங்கம்’ என்றும், மாறாமல் தொடரும் அமைப்புக்கு ‘அரசு’ என்றும் வரையறுத்துவிட்டால் போதும்; தேர்தலுக்குப் பின் அமைவது அரசாங்கம், அதற்கு முன்பும் பின்பும் இருப்பது அரசு.

குழுமத்தின் சோமாலியா பதிவில் failed state என்பதற்குத் ‘தோற்ற அரசு’ என்று வந்திருக்கிறது. அது தோல்வியா, தோற்றமா என்று தடுமாற வைக்கிறது. போரில் தோற்ற அரசும் நினைவுக்கு வருகிறது. அவ்விடத்தில் ‘குலைந்த அரசு’ என்று மாற்றலாம் என்பது என் கருத்து. மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதை ஒரு முழு வாக்கியத்தில் வைத்துக் காட்டினால் ஒப்பிட வசதியாக இருக்கும்.