கண்ட்ரோல் 5 அழுத்தினால் கோடு விழவில்லை, அவசரம்

தையல்கடை:
வணக்கம். கணக்குப் பட்டியலில், பணம் கொடுத்துத் துணி வாங்கிப் போனவர்கள் பெயரின் மேல் குறுக்கே கோடு போடவேண்டும். கண்ட்ரோல் 5 என்று சொன்னார்கள். அழுத்தினால் எங்கேயோ போய்விடுகிறது. தீபாவளிக் கூட்டம், சீக்கிரம் சொல்லுங்கள்.

வரவுசெலவு:
கணக்குப் பட்டியல் எந்த மென்பொருளில், எக்செலா, கூகுள் ஷீட்ஸா? கணினியா, போனா?

கீபோர்டு மணி:
எந்த 5-ஐ அழுத்துகிறீர்கள்? எக்செலில் வலதுபக்க எண் பலகையில் இருக்கும் 5 வேலை செய்யாது. எழுத்துகளுக்கு மேல் வரிசையில் இருக்கும் 5-ஐத்தான் அழுத்தவேண்டும். நான் பார்த்தவரை பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல்.

மூத்த உறுப்பினர்:
இதே கேள்வி இங்கே பல தடவை வந்தாயிற்று. எந்த மென்பொருள், எந்தக் கணினி, திரையில் என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுதாமல் "எங்கேயோ போகிறது" என்றால் நாங்கள் என்ன ஜோசியமா பார்ப்பது? எக்செல் என்றால் கண்ட்ரோல் 1, ஃபான்ட், ஸ்ட்ரைக்த்ரூவில் (குறுக்குக் கோடு) டிக். அடிப்படைப் பாடம்.

கோவைத் தம்பி:
அவசரத்தில் எழுதியிருக்கிறார், விடுங்கள் சார். தையல்கடை, எங்கே போகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

தையல்கடை:
யூடியூப் பக்கம் வருகிறது. லேப்டாப்தான்.

கோவைத் தம்பி:
அப்படியென்றால் குரோமில் கூகுள் ஷீட்ஸ் திறந்து வைத்திருக்கிறீர்கள், உங்கள் ஐந்தாவது டேப் யூடியூப். குரோமில் கண்ட்ரோல் 5 என்றால் ஐந்தாவது டேபுக்குத் தாவு என்று பொருள். ஷீட்ஸுக்கு ஆல்ட் + ஷிஃப்ட் + 5. மேக் என்றால் கமாண்ட் + ஷிஃப்ட் + எக்ஸ். பெயர் இருக்கும் கட்டத்தில் ஒரு தடவை கிளிக் செய்துவிட்டு அழுத்துங்கள். திரும்ப அழுத்தினால் கோடு போய்விடும்.

தையல்கடை:
கோடு விழுந்துவிட்டது, நன்றி அண்ணா. ஆனால் கீழே பாக்கித் தொகையின் மொத்தம் குறையவில்லையே?

வரவுசெலவு:
குறையாது. கோடு என்பது கண்ணுக்கு மட்டும்தான், மொத்தம் கூட்டும் சம் (SUM) ஃபார்முலா அதைப் பார்க்காது. 450 ரூபாயை அடித்தாலும் அது 450 ஆகவே கூட்டலில் நிற்கும்.

பழைய பேரேடு:
பணம் வந்தால் அந்த வரியையே அழித்துவிடலாமே, கோடு எதற்கு?

வரவுசெலவு:
அழிக்கவே கூடாது. கைக்கணக்கு எழுதியவர்கள் தப்பான எண்ணைக்கூடச் சுரண்ட மாட்டார்கள். அடியில் இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைப்பார்கள். நாளைக்கு ஒரு வாடிக்கையாளர் "நான் எப்போதோ கொடுத்துவிட்டேன்" என்று வந்தால் எதைக் காட்டுவீர்கள்?

பழைய பேரேடு:
அது காகிதத்துக்கு. ஷீட்ஸில்தான் பழைய பதிப்புகள் எல்லாம் சேமிப்பில் இருக்கின்றனவே.

வரவுசெலவு:
கடையில் நாலு பேர் நிற்கும்போது பழைய பதிப்பை யார் தேடிக்கொண்டிருப்பது?

மூத்த உறுப்பினர்:
கேள்விக்கு வாருங்கள்.

கோவைத் தம்பி:
தையல்கடை, கையால் கோடு போடுவதை விட்டுவிடுங்கள். காலியாக இருக்கும் ஒரு பத்தியில் இன்சர்ட் மெனு போய் செக்பாக்ஸ், அதாவது டிக் அடிக்கும் கட்டம், வையுங்கள். உங்களுக்கு அது ஈ (E) பத்தி என்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மேட், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், அதில் "கஸ்டம் ஃபார்முலா இஸ்". சமக்குறி, டாலர் குறி, ஆங்கில ஈ, 2 (=$E2), இவ்வளவுதான் ஃபார்முலா. கீழே ஸ்டைலில் கோடு போட்ட எஸ்-ஐத் தொடுங்கள். இனி டிக் அடித்தால் அந்த வரி முழுக்கத் தானாகக் கோடு விழும். மொத்தத்துக்குச் சம் வேண்டாம், நிபந்தனை பார்த்துக் கூட்டும் சம்இஃப் (SUMIF) போட்டு டிக் இல்லாத வரிகளை மட்டும் கூட்டச் சொல்லுங்கள். நிபந்தனை இடத்தில் ஃபால்ஸ் (FALSE) என்று வரும், டிக் இல்லை என்று பொருள்.

கீபோர்டு மணி:
டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். விட்டால் முதல் கட்டத்தில் மட்டும் கோடு விழும், மற்றவை அப்படியே நிற்கும்.

தையல்கடை:
டிக் அடித்தால் அதற்கு மேல் வரியில் கோடு விழுகிறது. ராணி அக்காவுக்கு டிக் போட்டால் செல்வி அக்கா பெயர் அடிபடுகிறது.

கோவைத் தம்பி:
தலைப்பு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஃபார்முலாவில் 2 என்று இருப்பதால் ரேஞ்சும் 2-ஆம் வரியில் தொடங்கவேண்டும். "அப்ளை டு ரேஞ்ச்" கட்டத்தில் ஏ1 என்று இருப்பதை ஏ2 ஆக்குங்கள்.

புதியவன்:
எனக்கும் இதே சந்தேகம், ஆனால் லிப்ரே ஆபீஸில். அங்கே எப்படி?

வரவுசெலவு:
ஃபார்மேட், டெக்ஸ்ட், ஸ்ட்ரைக்த்ரூ. மெனுவிலேயே இருக்கிறது.

தையல்கடை:
சரியாகிவிட்டது. மொத்தமும் குறைகிறது. ஆள் வந்துவிட்டார்கள், வருகிறேன்.